விட்டுப்போன பதினொரு பக்கங்கள்

"அம்மா, இந்த வேலைக்கார அக்கா ராத்திரி எங்க படுத்துப்பாங்க?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அம்மா ஒரு பிரேசில் நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பை மடியில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கென்று தனியாகக் கதை சொல்ல நேரமில்லாததால், தான் படிக்கிற கதையையே அவளுக்கும் சொல்லிவிடுவாள். ஒரு நீதிபதியின் மனைவி மத்தியானந்தோறும் தங்கைக்குக் கடிதம் எழுதுகிறாள். ஒன்றையும் தபாலில் போடுவதில்லை. விடிந்ததிலிருந்து அந்த வீட்டில் சமைப்பதும் துணி தேய்ப்பதும் வேறொருத்தி. மகள் கேட்டது அந்த வேறொருத்தியைப் பற்றித்தான்.

அம்மா முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். "புஸ்தகத்துல போடலைடி."

"ஏன் போடலை? அவங்களுக்குத் தூக்கமே வராதா?"

சமையலறை வாசலில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்ற அத்தை சிரித்தாள். மகளுக்கு அத்தை, அம்மாவுக்கு நாத்தனார். புருஷன் போன பிறகு "நாலு நாள் இருந்துட்டுப் போறேன்" என்று தம்பி வீட்டுக்கு வந்தவள். அந்த நாலு நாள் முடியவே இல்லை. "எங்கடி படுப்பா? வேலை எங்க விடுதோ, அங்க படுத்துக்க வேண்டியதுதான்" என்றாள். மூவருமே சிரித்துவிட்டார்கள்.

குழந்தையின் கேள்வி அம்மாவை விடவில்லை. நவீன பிரேசில் நாவல்களில் பெண்கள் என்ற தலைப்பில், மொழிபெயர்ப்புகளை வைத்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். ஆண்கள் எழுதியதில் பெண் எப்படி வருகிறாள், பெண்கள் எழுதியதில் எப்படி வருகிறாள் என்று ஊரே எழுதியதைத்தான் அவளும் எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது சொந்தமாக ஒன்று கிடைத்தது. எஜமானியின் கண்ணீரைப் பக்கம் பக்கமாக எழுதிய நாவலாசிரியைக்கு, அதே வீட்டில் இருந்த இன்னொரு பெண் கண்ணில் படவே இல்லை! "இந்த நாவலாசிரியை வேலைக்காரிக்குப் படுக்க ஒரு பாய்கூடப் போடவில்லை" என்று கருத்தரங்கில் வாசித்தாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நெறியாளரே கட்டுரையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பி வைத்தார். ஆய்வேடு முழுக்க அந்த ஒற்றை வரியின் மேல்தான் நின்றது.

வீட்டில் அவளை எல்லோரும் அப்போதே 'டாக்டரம்மா' ஆக்கிவிட்டார்கள். எதிர்வீட்டுப் பாட்டிகூட ஒருநாள் நிஜமாகவே முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு வந்து நின்றார். அத்தைதான் அவரை உட்காரவைத்துத் தைலம் தேய்த்து அனுப்பினாள். "நம்ம டாக்டரம்மா புஸ்தகத்துக்கு மட்டும்தான் வைத்தியம் பாப்பாங்க" என்றாள்.

நாலாவது வருஷம் அத்தை காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. ஆறாவது வருஷம், ஆய்வேடு பைண்டிங்குக்குப் போகும் நேரத்தில், நூலகத்து அம்மாள் ஒரு புதுப் புத்தகத்தை மேஜைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "உங்க நாவல்தான். இங்கிலீஷ்ல புதுசா வந்திருக்கு. வேற யாரும் தொடறதுக்கு முன்னாடி உங்களுக்குன்னு ஒளிச்சு வெச்சேன்."

மேற்கோளுக்குப் பக்க எண் சரிபார்க்கத்தான் பிரித்தாள். ஒன்பதாம் அத்தியாயம் அவளுக்கு மனப்பாடம்; மூன்று பகுதி. இதில் நாலு இருந்தது. முதலில் புது மொழிபெயர்ப்பாளர் சொந்தச் சரக்கைச் சேர்த்துவிட்டார் என்று நினைத்தாள். முன்னுரையில், மூலத்திலிருந்து ஒரு வரியும் விடாமல் செய்தது என்று போட்டிருந்தது. நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

பதினொரு பக்கம். சமையலறைக்குப் பக்கத்தில், தேய்ப்புப் பலகையும் உடைந்த தள்ளுவண்டியும் வைக்கிற இடுக்கில் அந்த வேலைக்காரி படுத்திருக்கிறாள். காலை நீட்டினால் சுவர் இடிக்கும். எந்த அறையிலிருந்து யார் இருமுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய பெண்குழந்தை தூரத்து ஊரில் வேறொருத்தியிடம் வளர்கிறது. இவள் முகம் அதற்கு மறந்துகொண்டிருக்கிறது. அவள் அழுவதில்லை. அழுதால் தலையணை உறை நனையும். அதையும் அவள்தானே துவைக்க வேண்டும்.

ஆக, அந்த நாவலாசிரியை பாய் போட்டுத்தான் வைத்திருந்தாள். யாரோ அதைச் சுருட்டி வெளியே எறிந்திருக்கிறார்கள்.

பதிவு முடிய பன்னிரண்டு நாள் இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனி கிடையாது. பட்டம் வந்தால் கல்லூரியில் அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும். வராவிட்டால் அதுவும் போகும். இரண்டு புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு நெறியாளரின் அறைக்கு ஓடினாள்.

தமிழில் மொழிபெயர்த்தவர் அந்தத் துறையை உண்டாக்கிய பெரியவர். நெறியாளருக்கு ஆசிரியர். இப்போது சுவரில் படமாக இருந்தார். நெறியாளர் இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"இதை வெட்டினது நான்தாம்மா."

"சார்?"

"அப்போ நான் அவர்கிட்ட மாணவன். அச்சுக்குப் போற பிரதியை நான்தான் எழுதினேன். காகிதம் கிடைக்காத காலம். பன்னெண்டு ஃபாரம், அதாவது நூத்தித் தொண்ணூத்திரண்டு பக்கத்துக்குள்ள முடிங்கன்னு அச்சகத்துல சொல்லிட்டாங்க. பத்துப் பதினஞ்சு பக்கம் ஜாஸ்தியா இருந்தது. எதை எடுக்கறதுன்னு பார்த்தேன். இந்தப் பகுதியில ஒண்ணும் நடக்கலை. ஒரு பொம்பளை சும்மா படுத்துக் கிடக்கறா. கதை எங்கயும் நகரலையேன்னு எடுத்துட்டேன்."

"அப்போ என் கட்டுரையைப் படிச்சப்போ...?"

"மறந்துபோச்சு." அவர் பொய் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. "சத்தியமா மறந்தே போச்சும்மா."

"அந்த அத்தியாயத்தை மாத்தி எழுதறேன் சார். வெட்டினதையும் சேர்த்து எழுதறேன். பன்னெண்டு நாள்ல ராப்பகலா உட்கார்ந்தாவது முடிச்சுடுவேன்."

அவர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். "அவர் பேர்ல கட்டடமே கட்டியிருக்காங்க. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. அதுல என்னால கையெழுத்துப் போட முடியாது." குரல் தாழ்ந்தது. "இருக்கறபடியே குடுத்துடும்மா. இந்த இங்கிலீஷ் புஸ்தகத்தை இங்க யாரு தேடிப் படிக்கப்போறாங்க? யாரு ஒப்பிட்டுப் பார்க்கப்போறாங்க?"

கெட்ட மனிதரல்ல அவர். முன்பு அவரிடம் எம்.ஏ. படிக்கையில், மகள் பிறந்து மூன்று மாதம் அவள் வராதபோது வருகைப்பதிவில் குறை வராமல் பார்த்துக்கொண்டவர். அதனால்தான் அவளால் கத்தவும் முடியவில்லை.

வீட்டில் கணவன் பொறுமையாகத்தான் கேட்டான்.

"ஒரு அத்தியாயம்தானே?"

"அதுதாங்க மொத்தமும்."

"யாரையாவது கொலையா பண்ணிட்டே? ஒரு கதைப் புஸ்தகம்."

"ஒரு பொம்பளையைப் பார்த்து, உனக்குக் கண்ணில்லைன்னு எழுதியிருக்கேங்க. அவளுக்குக் கண்ணிருந்துது. எனக்குத்தான் இல்லை."

அவன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "அக்கா நாலு வருஷம் உனக்காகத்தான் அடுப்படியில நின்னா. 'அவ படிக்கட்டும்டா'ன்னு என் வாயை அடைச்சது அவதான். நீ இதைக் கொடுக்கலைன்னா அவ நின்னதெல்லாம் வீண். யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க வேறொன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. அந்த நாலு வருஷமும் அத்தை எங்கே படுத்தாள்? சின்ன அறையை அத்தைக்குத்தான் ஒதுக்கியிருந்தார்கள். அதில் பிரேசில் வந்து குடியேறிவிட்டது. தரையிலிருந்து ஜன்னல் வரை புத்தகம். "எனக்கெதுக்கு ரூம்? நான் என்ன பரீட்சையா எழுதப்போறேன்?" என்று அத்தையே ஒதுங்கிக்கொண்டாள். குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் ஒரு படுக்கைச் சுருள் நின்றிருக்கும். கூடத்தில் டிவி அணைந்து கடைசி ஆள் எழுந்துபோன பிறகு அது விரியும். மற்றவர்கள் எழும் முன்னே சுருண்டுவிடும். அத்தை படுத்திருந்ததை அவள் பார்த்ததே அந்தக் கடைசிக் காய்ச்சலில்தான்.

கடைசி நாளன்று, ஒரு வரியும் மாற்றாமல் பைண்டு செய்த மூன்று பிரதிகளைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்கு எழுத்தர் எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், கையெழுத்து ஏதாவது பாக்கியா? பரவாயில்லை, அஞ்சரை வரைக்கும் திறந்து வைக்கிறேன்." யாரும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல் அந்த மனிதர் அரை மணி நேரத்தை அவளுக்காக எடுத்து வைத்தார். அதை ஏற்றுக்கொள்ளும் வழிதான் அவளுக்கு இல்லை. ஐந்தரைக்கு அவர் கதவைப் பூட்டிக்கொண்டு போகும்போது, "நன்றிங்க" என்று மட்டும் சொன்னாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அதற்குப் பிறகு எதுவும் நல்லபடியாகத் திரும்பவில்லை. வேலை போயிற்று. தனிப்பயிற்சி நிலையத்தில் ஆங்கில இலக்கணம் எடுத்தாள். தன் கட்டுரை தவறு என்று பத்திரிகைக்கு எழுதினாள். பத்திரிகை நின்று ஒரு வருஷம் ஆகிறது என்று கடிதம் திரும்பி வந்தது. அந்த நாவலாசிரியை என்றைக்கோ இறந்திருந்தாள். கணவன் கோபப்படவில்லை, பேச்சைக் குறைத்துக்கொண்டான். எதிர்வீட்டுப் பாட்டி மட்டும் இன்னும் 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் அவள் "சொல்லுங்கம்மா" என்றாள்.

ஆனால் மத்தியானங்களில், வகுப்பு தொடங்குமுன், அவள் சின்ன அறையில் உட்கார்ந்து எழுதினாள். அந்தப் பதினொரு பக்கத்தைத் தமிழில். யாரும் கேட்கவில்லை. யாரும் அச்சிடப் போவதுமில்லை. ஒரு வரியில் வந்து நின்றுவிட்டாள். அந்த வேலைக்காரி தன் படுக்கையைப் பற்றித் தனக்குள் சொல்லிக்கொள்கிற வரி. மூன்று நாள் எழுதி எழுதி அடித்தாள். எப்படிப் போட்டாலும் அது ஆய்வேடு மாதிரியே பேசியது. நாலாம் நாள் சமையலறையில் குழாயை மூடிவிட்டு ஈரக்கையைத் துடைக்கும்போது அது வந்தது. கை காயுமுன் போய் எழுதினாள்: 'வேலை எங்கே விடுகிறதோ, அங்கே படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.'

மறுநாள் நூலகம் போனாள். மேல்மாடி அடுக்குகளுக்கு நடுவே ஆளில்லை. பழைய மொழிபெயர்ப்பை எடுத்தாள். பின்னட்டைச் சீட்டில் ஆறு வருஷமாக அவள் எடுத்த தேதிகள் மட்டும்தான். இனிமேலும் யார் எடுக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு வந்தது. வந்தாலும் அவள் கை நிற்கவில்லை.

ஒன்பதாம் அத்தியாயம் முடிகிற நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே இடுக்கில் மெல்லிசாகப் பசை தடவினாள். தான் எழுதிய தாள்களை அளவு பார்த்து உள்ளே வைத்தாள். மேல் ஓரத்தில் 'ஒன்பதாம் அத்தியாயம், நாலாம் பகுதி' என்று மட்டும் இருந்தது. எழுதியவள் பெயரை எங்கும் போடவில்லை. புத்தகத்தை மூடி, பசை காயும் வரை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்க்கிறவர்களுக்குக் கும்பிடுவது போல இருந்திருக்கும். பார்க்கத்தான் யாருமில்லை.

பிறகு அதை அதன் இடத்திலேயே, இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே, முதுகு வெளியே தெரிய வைத்துவிட்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் படியிறங்கிப் போனாள்.