தட்டிப் பார்த்த பீங்கான்

கண்டி நகரின் கொழும்பு வீதியில் பீங்கான் கடை வைத்திருக்கும் றலியாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பீங்கானைக் கையில் எடுத்தாலும் விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பாள். லொறியில் குலுங்கி வந்த பெட்டிகளில் எது கீறல் கண்டிருக்கிறது என்று அறிய அவளுக்குக் கண் தேவையில்லை. நல்லதாக இருந்தால் கணீரென்று பதில் சொல்லும். கீறல் விழுந்திருந்தால் தொண்டை கட்டிய ஆளைப் போலப் பேசும். மடுல்கெல்லவிலிருந்து கல்யாணத்துக்கென்று இருநூறு பீங்கான் வாங்க வருகிறவர்கள், "நீங்களே தட்டிப் பாத்துக் கட்டி வைங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள்.

விருந்துக்குப் போன வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. அவள் கணவர் ஸாகி இதனால் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். முத்திரையைக்கூடக் கோணாமல் ஒட்டுகிறவர்.

றலியாவின் தம்பி லாபிர் இத்தாலியில், பெரூஜா என்ற ஊரில், சமையல்காரனாக இருந்தான். பதினைந்து வருஷம் வாடகை வீட்டில் கிடந்து, போன வருஷம்தான் சொந்தமாக ஒரு வீடு வாங்கினான். வாங்கிய கையோடு, தாத்தா என்று அவன் கூப்பிடும் அக்காவையும் மச்சானையும் வந்து ஒரு மாதம் நின்றுவிட்டுப் போகச் சொல்லி அழைப்புக் கடிதம் அனுப்பினான். கடையை உதவிக்கு நின்ற நிஷாந்தினியிடம் ஒப்படைத்துவிட்டு, மே மாதம் இருவரும் விமானம் ஏறினார்கள்.

முதல் பத்து நாளும் தம்பி வீட்டுச் சமையலறையிலேயே போயிற்று. பதினோராம் நாள் காலை, பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி மகள் ஷஹ்மா வந்து முன்னால் நின்றாள்.

"மாமி, வெளிக்கிடுங்க. பீங்கானுக்கே பேர் போன ஊரொண்டு ஈக்கி, டெரூட்டாண்டு. எல்லாம் கையால பூக் கீறுற. பஸ்ஸுல கொஞ்ச நேரந்தான்."

றலியா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஸாகி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அங்க போய் ஒண்டையும் தட்டப் போகாதீங்க. ஒடைஞ்சா நம்மளுக்குத் தாங்க ஏலா."

"தட்டினா ஒடையுற பீங்கான நான் வித்ததே இல்ல" என்றாள் றலியா.

டெரூட்டா ஒரு குன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் பழைய ஊர். ஒடுங்கிய கல் வீதிகள், வளைவு வைத்த வாசல்கள். வீட்டு இலக்கங்கள்கூடப் பூப்போட்ட பீங்கான் துண்டுகளில்தான் எழுதப்பட்டிருந்தன. கடைச் சுவர்களில் நிலத்திலிருந்து கூரை வரைக்கும் தட்டுகளும் குடங்களும் சாடிகளும். நீலம், மஞ்சள், செம்மஞ்சள். சிறகு விரித்த நாகங்கள், திராட்சைக் கொடிகள், மாதுளம் பழங்கள். றலியா ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். கைகளை மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மூன்றாவது கடையில் உள்ளே ஒரு பட்டறை தெரிந்தது. அதை நடத்துகிற பெண்ணுக்கும் றலியாவின் வயதுதான் இருக்கும். பெயர் ஃபியோரெல்லா. இடுப்பில் கட்டிய முன்துணியெல்லாம் வண்ணம், காதில் செருகிய தூரிகை. ஷஹ்மா இத்தாலிய மொழியில் இரண்டு வார்த்தை பேசியதும் சிரித்துக்கொண்டே உள்ளே வரச் சொன்னாள். நீண்ட மேசையின் மேல் நாற்பது பெரிய தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒரு கல்யாண விருந்துக்கான ஓடர். பின்னேரம் வண்டி வந்து ஏற்றப் போகிறது என்று ஷஹ்மா விளக்கினாள்.

கல்யாணம், நாற்பது தட்டு. றலியாவின் கை தானாக முன்னுக்கு வந்தது. டக்.

"சின்யோரா!" என்று ஃபியோரெல்லா அலறினாள்.

"யா அல்லாஹ், நான் சென்னேனே!" என்று ஸாகி தலையில் கை வைத்தார்.

றலியாவுக்கு இரண்டுமே கேட்கவில்லை. இந்த மண் அவளுக்குப் புதிது. கடையில் விற்கிற வெள்ளைப் பீங்கானைப் போல இது உச்சத்தில் பாடவில்லை. அடிக்குரலில், நிதானமாகப் பேசியது. அந்தக் குரல் பிடிபடுவதற்காக அடுத்ததைத் தட்டினாள். அதற்கடுத்ததையும் தட்டினாள். நான்காவது தட்டில் விரல் அப்படியே நின்றது. இன்னொரு தரம் தட்டினாள்.

"மகள், இதுல கீறல் ஈக்கிண்டு செல்லுங்க."

ஷஹ்மா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். ஃபியோரெல்லாவின் புருவம் நெரிந்தது. தட்டை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், திருப்பினாள், விரலால் தடவினாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். பக்கத்தில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் எழுந்து வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

ஸாகி றலியாவின் முழங்கையைப் பிடித்து, "போதும், வாங்க போவோம்" என்றார்.

"கொஞ்சம் நில்லுங்க. கோப்பி ஈக்கா கேளுங்க மகள். நல்ல சூடா, கறுப்பா."

குடிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து ஒரு சின்னக் கோப்பையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். றலியா அதை நேராகத் தட்டின் நடுவில் ஊற்றினாள். தட்டைத் தூக்கி இரண்டு மரக்கட்டைகளின் மேல் வைத்து, கீழே ஒரு வெள்ளைக் கடதாசியைப் பரப்பினாள். ஸாகி கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுவதற்கு வழி பார்க்கிறார் என்று றலியாவுக்குத் தோன்றியது, சிரிப்பை அடக்கிக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்கும் சின்னப் படபடப்புதான். பிழையாகிப்போனால் கோப்பியை எப்படித் துடைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிமிஷம் கழித்துக் கடதாசியில் ஒரு துளி. கடலை அளவில், மண்ணிறத்தில். ஃபியோரெல்லா கோப்பியைக் கொட்டிவிட்டுத் தட்டைக் கவிழ்த்தாள். அடிப்பக்கத்தில் தலைமயிரைப் போல ஒரு கோடு ஓடியிருந்தது.

அடுத்த கணம் ஃபியோரெல்லா றலியாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு, மிச்சம் முப்பத்தாறு தட்டையும் அவள் முன்னால் நகர்த்தினாள். றலியா முந்தானையைச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். தட்டுவாள், தலையாட்டுவாள், ஒதுக்குவாள். இன்னும் இரண்டு அகப்பட்டன. ஃபியோரெல்லாவும் காதைச் சாய்த்துத் தட்டிப் பார்த்தாள். நல்ல தட்டு ஒன்றையே கீறல் என்று நினைத்து "இது!" என்று தூக்கிக் காட்ட, றலியா இல்லையென்று கையசைக்க, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசிப் பத்துக்கு ஷஹ்மா மொழிபெயர்க்கவே இல்லை. தேவைப்படவில்லை.

"மாமி, கடையில விருப்பமான ஒண்ட எடுத்துக்கொள்ளச் செல்றாங்க" என்றாள் ஷஹ்மா.

றலியா ஒரு சின்ன உப்புக் கிண்ணத்தைக் காட்டினாள். ஃபியோரெல்லா ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இழுபறியில்தான் ஸாகி தொண்டையைச் செருமினார். அவர் இவ்வளவு நேரமும் சுவரிலிருந்த ஒரு தட்டின் முன்னால் நின்றிருந்தார். அதில் ஒரு பெண்ணின் முகம், பக்கத்தில் சுருள் நாடா, நாடாவில் ஏதோ எழுத்து.

"இதுல என்ன எழுதி ஈக்கி, மகள்?"

"அந்தக் காலத்துல இங்க ஆம்புளையள் விருப்பமான பொம்புளைக்குக் குடுக்குற தட்டு, மாமா. அவட பேர எழுதி, பக்கத்துல 'பெல்லா'ண்டு போடுவாங்களாம். அழகிண்டு அர்த்தம்."

ஸாகி அந்த நாடாவை இன்னொரு தரம் உற்றுப் பார்த்தார். காது சிவந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, கோப்பி விழுந்த கடதாசியின் ஓரத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினார்: றலியா.

"இத இப்பிடியே எழுதி, பக்கத்துல அந்தச் சொல்லையும் போட ஏலுமாண்டு கேளுங்க. முகம் வேணாம். செவ்வரத்தம்பூ ஒண்டு போட்டாப் போதும்."

"என்னத்துக்கு இதெல்லாம்?" என்று றலியா பதறினாள். "ஆக்கள் பாக்குறாங்க."

"பாக்கட்டுமே" என்றார் ஸாகி.

இருபத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அவள் கேட்டதில்லை. கதிரையில் உட்கார்ந்தாள். ஷஹ்மா போனில் செவ்வரத்தம்பூவின் படத்தைக் காட்ட, ஃபியோரெல்லா சுடுவதற்காக வைத்திருந்த வெள்ளைத் தட்டு ஒன்றில் தூரிகையை வைத்தாள். தமிழெழுத்துகளை ஒரு கொடியை வரைவதைப் போலச் சுழித்துச் சுழித்து எழுதினாள். 'ற'வின் கால் அவளுக்கு மிகவும் பிடித்துப்போய், தேவைக்கு அதிகமாகவே நீட்டிவிட்டாள். பூவை முடித்ததும் தட்டைச் சுழல்மேசையில் ஏற்றித் தூரிகையை றலியாவிடம் நீட்டினாள். விளிம்புக் கோடு அவள் போட வேண்டுமாம்.

ஆயிரமாயிரம் பீங்கான் விற்ற கை, ஒன்றிலாவது ஒரு புள்ளி வைத்ததில்லை. றலியா பிஸ்மில்லாஹ் சொல்லித் தூரிகையை வைத்தாள். மேசை சுழன்றது, நீலக்கோடு பிறந்து, தடித்து, மெலிந்து, ஓரிடத்தில் தடுமாறி, கடைசியில் தன் தலையைத் தானே தேடி வந்து சேர்ந்தது. வெள்ளைப் பூச்சு வண்ணத்தை உடனே குடித்துவிட்டது. அழித்துத் திருத்த வழியே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

தட்டைச் சுட்டுத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னாள் ஃபியோரெல்லா. கண்டிக்குத் திரும்பிய ஸாகி தினமும் தபால் கந்தோருக்கு நடந்தார். பழைய சகாக்கள் "மறுபடி வேலைக்கு வந்துட்டீங்களா" என்று கேலி செய்தார்கள். ஏழாவது வாரம், ஹந்தானை மலைப் பக்கம் மழை கறுத்துக்கொண்டு வந்த ஒரு மத்தியானம், பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார்.

பெட்டியை நிஷாந்தினிதான் பிரித்தாள். தட்டைத் தூக்கிப் பிடித்தாள். சிவப்புச் செவ்வரத்தை, தடுமாறிய நீல விளிம்பு, கால் நீண்ட பெயர். கடையில் நின்ற வாடிக்கையாளர்கள் நாலைந்து பேரும் நெருங்கி வந்தார்கள்.

"ரொம்ப அழகா இருக்குக்கா! ஒங்க பேரு சரி, பக்கத்துல இங்கிலீஸ்ல பெல்லானு போட்டிருக்கே, அது என்னங்க ஐயா?" என்று கேட்டாள் நிஷாந்தினி.

இத்தாலியில் அவ்வளவு துணிச்சலாக நின்ற ஸாகி, கொழும்பு வீதியில் நாலு பேர் முன்னால் மென்று விழுங்கினார். "அது... அந்தக் கம்பனிட பேர்."

றலியாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தாள். பிறகு தட்டை வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "பொய் செல்றார், புள்ள. அழகிண்டு அர்த்தம். அவர்தான் எழுதச் சென்ன" என்றாள்.

கடை கொல்லென்று சிரித்தது. ஒரு வாடிக்கையாளர் ஸாகியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தட்டைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லி ஸாகி எவ்வளவோ மன்றாடினார். றலியா கேட்கவில்லை. கழுவித் துடைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றையும் பொலொஸ் என்ற பலாப்பிஞ்சுக் கறியையும் அதிலேயே போட்டாள். இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு அவரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.