வரைபடத்தில் இல்லாத கம்பம்

அந்தத் தெருவில் சோபா தைப்பவளை எல்லாரும் குஷன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த சோபாவைக் கொடுத்தால், துணியை உரித்து, ஸ்பிரிங்கை மாற்றி, புது நுரை வைத்து, 'இது நம்மளோடதுதானா?' என்று சொந்தக்காரரே சந்தேகப்படும்படி திருப்பித் தருவாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடை திறக்க வந்தவள் திகைத்து நின்றாள். வாசலுக்கு நேர் எதிரே, இரண்டே அடி தள்ளி, ஒரு மின்கம்பம்.

அடியில் இரண்டு ஆட்கள் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தம்பி இது?"

"கம்பம்க்கா."

"அது தெரியுது. என் வாசல்ல எதுக்கு?"

"இங்க நடச் சொன்னாங்க, நட்டுட்டோம்."

ஆள் நுழையலாம், வயிற்றை எக்கிக்கொண்டு. சோபா வெளியே வராது. உள்ளே பல் டாக்டரின் மூன்று பேர் உட்காரும் சோபா வேலை முடிந்து பளபளவென்று காத்திருந்தது. அவருடைய கிளினிக்கில் நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். டாக்டர் தினமும் போன் போட்டார். "அக்கா, ஒருத்தர் நின்னு நின்னு கால் வலிக்குதுன்னு என்கிட்டயே மாத்திரை கேக்கறாரு."

அவள் மின்வாரியத்துக்கு எழுதினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: 'தாங்கள் குறிப்பிடும் இடத்தில் வாரியத்தின் கம்பம் ஏதும் இல்லை.' மறுபடி எழுதினாள். அதே பதில். மூன்றாம் முறை, அதே வரிக்குக் கீழே 'கோப்பு முடிக்கப்பட்டது' என்று ஒரு முத்திரையும் சேர்ந்துகொண்டது. அவள் அதை நகல் எடுத்து, சோபாவுக்குப் போடும் பசையை நன்றாகத் தடவி, அந்தக் கம்பத்தின் மேலேயே ஒட்டினாள். தெருவே நின்று படித்துச் சிரித்தது. அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கண்ணெதிரே நிற்பதை இல்லை என்று ஒருவன் முத்திரை குத்தித் தந்தால், பைத்தியம் யார் என்றே சந்தேகம் வந்துவிடுகிறது.

நாத்தனார் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஊர் விஷயமெல்லாம் அவளுக்கு விரல்நுனியில். "அண்ணி, கோர்ட்டுக்குப் போனா உங்க பேரப்பிள்ளைதான் தீர்ப்பு கேக்கும். சனிக்கிழமை நூலக மாடியில குறைதீர் மன்றம் உக்காருது. வக்கீல் வேண்டாம், வாய் இருந்தா போதும். அது நம்ம குடும்பத்துல தாராளமா இருக்கு."

மன்றம் என்றால் பெரிய மேடை, கறுப்பு அங்கி என்று நினைத்துப் போனவளுக்கு ஏமாற்றம். ஒரு நீள மேஜை, ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா ஒருவர், இரண்டு பக்கமும் ஒரு தலைமையாசிரியர், ஒரு நர்ஸ். எதிரே வாரியத்தின் பொறியாளர், மடியில் தலையணை கனத்தில் கோப்பு. அவர் வரைபடத்தை விரித்தார்.

"பாருங்க மேடம். கம்பம் எதிர்ப் பக்கம்தான் இருக்கு. இவங்க வாசல்ல எதுவும் இல்ல."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றாள் நாத்தனார். "முப்பதடிக் கம்பத்தைக் காகிதத்துல மறைக்கிறதை இப்பத்தான் பாக்கறேன்."

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இங்க உக்காந்து எதுக்குப் பேசணும்? ரெண்டு தெரு தள்ளித்தானே. போய்ப் பார்ப்போம்."

எல்லாரும் நடந்தார்கள். மன்றத்தார் மூவரும் பொறியாளரும் வயிற்றை எக்கி உள்ளே நுழைந்து சோபாவைச் சுற்றி வந்தார்கள். "சார், கம்பம்தான் இல்லையே," என்றார் நீதிபதி அம்மா பொறியாளரிடம். "நீங்களும் தலைமையாசிரியரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இதை வெளிய கொண்டுவாங்க."

பொறியாளர் முன்பக்கம் பிடித்துப் பின்னோக்கி நடந்தார். வாசலைத் தாண்டி ஓரடி வந்ததும் 'டம்' என்று முதுகு இடித்தது. இந்தப் பக்கம் சோபா, அந்தப் பக்கம் சிமெண்ட். நடுவில் வாரியம்.

"என்ன சார், நின்னுட்டீங்க?"

"இடிக்குது மேடம்."

"எது?"

வேர்த்துக் கொட்டியது அவருக்கு. "கம்பம்," என்றார், ரொம்ப மெதுவாக.

தெரு கைதட்டியது. சோபாவைப் பின்னால் இழுத்து அவரை விடுவித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தவள் குஷன் அக்காதான். அவர் அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்து உண்மையைச் சொன்னார். வரைபடம் போடுகிற புதுப்பையன் வேலைச் சீட்டில் வலதுக்குப் பதில் இடது என்று எழுதிவிட்டான். கம்பம் இங்கே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் விசாரணை வரும், முதல் ஆளாக அவன் வேலைதான் போகும். அதனால் ஆபீசே சேர்ந்து கம்பத்தை இல்லாமல் ஆக்கிவிட்டது.

அதுவரை கொதித்துக்கொண்டிருந்தவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. "யாரோட வேலையும் எனக்கு வேண்டாம் சார். எனக்கு என் வாசல் வேணும். அப்புறம், நான் பொய் சொல்லலைன்னு ஒரு காகிதம் வேணும்."

"கோர்ட்டுன்னா யார் தப்புன்னு கேக்கணும்," என்றார் நீதிபதி அம்மா. "நாங்க என்ன வேணும்னு கேக்கறோம், அவ்வளவுதான்." தையல் மேஜையிலேயே ஒப்பந்தம் எழுதினார்கள். பத்து நாளில் கம்பம் இடம் மாற வேண்டும். வாரியம் அனுப்பிய மூன்று கடிதங்களும் வாபஸ். வரைபடம் போட்டவன் மேல் நடவடிக்கை கிடையாது. இரு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள்.

எட்டாம் நாள் கம்பத்தைப் பிடுங்கினார்கள். மறுநாள் கடிதம் வந்தது: 'தங்கள் வாசலில் கம்பம் இருந்தது. தவறு எங்களுடையது.' அவள் அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். அத்தனை மாதமும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அடுத்த சனிக்கிழமை நூலகப் படியில் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. வரிசைக்கு முன்னால், கையில் ஏழு பேருடைய மனுவோடு, நாத்தனார்.