ஹனீஃபாவின் விரல்

வியாழக்கிழமை சாயங்காலம் ஹனீஃபா பாடம் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் நஜீமா அதைக் கவனித்தாள்.

பையன் கணீரென்றுதான் வாசித்தான். "காலையில் எழுந்தேன். கிணற்றடிக்குப் போனேன். பல் விளக்கினேன்..." ஒரு சொல் தட்டவில்லை. ஆனால் அவன் விரல் வரியின் வலது ஓரத்தில் தொடங்கி இடது பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் பள்ளிவாசலில் அரபி ஓதும்போது எப்படி ஊருமோ அப்படி.

"கொஞ்சம் நிறுத்துடா." நஜீமா நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினாள். "இது என்ன?"

ஹனீஃபா புத்தகத்தை விட்டுவிட்டு உத்திரத்தைப் பார்த்தான். உதடுகள் பாடத்தை முதலிலிருந்து முணுமுணுத்தன. பிறகு துணிந்து, "குதிரை" என்றான்.

"இந்தப் பாடத்துல குதிரையே இல்லையேடா!"

"அடுத்த பாடத்துல இருக்குக்கா."

மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நஜீமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வரியை அவள் சொல்ல, எல்லாரும் சேர்ந்து உரக்கத் திருப்பிச் சொல்வது: இதுதான் அவள் பாடம் நடத்தும் முறை. அந்தச் சத்தம் சந்து முனைவரை கேட்கிறது என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. அந்தச் சத்தத்துக்குள்ளே ஒரு பையன், ஓர் எழுத்துக்கூடத் தெரியாமல், புத்தகம் முழுவதையும் காதாலேயே விழுங்கி வைத்திருக்கிறான்.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்ததும் அவனுடைய அத்தா முகம்மது கனி வருகிறார், மகன் வாசிப்பதைக் கேட்க. பெரிய கடைவீதியில் பூட்டுக் கடை வைத்திருப்பவர். பூட்டைப் போலவே வாயும் இறுக்கம். இரண்டாம் வகுப்பில் ஏற்கெனவே ஒரு தரம் தவறிய பையனை, இன்னொரு தரம் தவறினால் கடையில் உட்கார வைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

நஜீமாவுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. எட்டாம் வகுப்போடு, வயதுக்கு வந்த கையோடு, அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். முன்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர அவளுடைய அத்தா ஜெகபர் சாதிக் சம்மதித்ததே பெரிய காரியம். "ஒரே ஒரு புகார் வந்தாலும் போதும், அன்னிக்கே மூட்டை கட்டிரணும். அம்மாகூட உக்காந்து பீடி சுத்து" என்று சொல்லித்தான் சம்மதித்தார். பிள்ளைகள் வரும் அந்த ஒரு பொழுதுக்காகத்தான் அவள் காலையில் எழுந்திருப்பதே.

மறுநாள் இரண்டு அத்தாமாரும் முன்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நஜீமா திரைச்சீலைக்குப் பின்னால், அம்மாவின் தோளை ஒட்டி நின்றாள்.

"ஓதுடா... வாசிடா" என்றார் முகம்மது கனி.

ஹனீஃபா வாசித்தான். திரையின் இடுக்கு வழியே அந்த விரல் வலமிருந்து இடமாகப் போவது தெரிந்தது. முகம்மது கனி மகனின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மலர்ந்தபடியே இருந்தது. அவருக்கு அரபி ஓதத் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. வாசிப்பது என்றால் விரல் அந்தப் பக்கமாகத்தான் போகும் அவருக்கு.

"மாஷா அல்லாஹ்! திருவெறும்பூர்ல பெரிய பாக்டரி கட்டுறாங்களாம், படிச்சவனுக்கு வேலை கொட்டிக் கிடக்குமாம். இனிமே கவலை இல்ல. ஒங்க மக கைராசி, சாதிக் பாய்!"

நஜீமாவின் அத்தா சிரித்த சிரிப்பை அவள் பள்ளிக்கூடம் போன நாளில்கூடக் கேட்டதில்லை. பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. அடுத்த மாதம் பரீட்சையில் வாத்தியார் ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டுகிறவரைக்கும். அப்போது பையன் உத்திரத்தைப் பார்ப்பான். பிறகு ஆயுசு முழுக்கப் பூட்டைத்தான் பார்ப்பான்.

"மாமா, அவன் வாசிக்கல."

தன் குரல்தான் அது என்று அவளுக்கே பிறகுதான் உறைத்தது. அம்மா அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

"மனப்பாடமா சொல்றான். எழுத்து தெரியாது. நான்தான் பாக்காம விட்டுட்டேன். நடுவுல எதையாவது தொட்டுக் கேளுங்க."

முகம்மது கனி தொட்டுக் கேட்டார். பதில் சரியா தப்பா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் மகன் மேலே பார்த்தது போதுமாக இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பையனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சலாம்கூடச் சொல்லவில்லை.

"புகார் அடுத்தவங்க வாயிலேருந்து வரும்னு நெனச்சேன். நீயே சொல்லிட்டியேம்மா" என்றார் அத்தா. கோபமா, வேறு ஏதாவதா என்று பிடிபடவில்லை. பாடத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நடத்தவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை என்பதால் நஜீமா தொடங்கினாள். உரக்கச் சொல்லச் சொல்லவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் தனித்தனியாக உட்கார்ந்து எழுத்தைக் கேட்டாள். வாசலில் நிழல் தட்டும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். ஹனீஃபாவைக் காணோம்.

மற்றவர்கள் பலகையை மூட்டை கட்டும் நேரத்துக்கு அவன் வந்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றான். கண் வீங்கியிருந்தது.

"அத்தா கடைக்குத்தான் இழுத்துட்டுப் போனாங்க. காலை முழுக்க சாவி துடைச்சேன்."

"இப்ப யாரு அனுப்புனா?"

"அத்தாதான். 'பெத்தவன் நானே ஏமாந்தேன், அந்தப் பொண்ணு ஏமாத்தல. போ'ன்னாங்க." மூக்கை உறிஞ்சினான். "ஆனா நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். நான் ஒங்ககூடப் பேச மாட்டேன்."

"பேசாட்டி எப்படிடா படிப்பே?"

அவன் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தான்.

"படிக்கிறப்ப மட்டும் பேசுவேன்" என்று உள்ளே வந்து, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.