எலிச்சக்கரம்

தம்பியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே தனகோடி வேலைக்குப் போய்விட்டாள். சிறுசேரியில் ஒரு கம்பெனி கேண்டீனில் அவளுக்குத் தயிர்சாதம் கட்டும் வேலை. கரண்டியால் அள்ளி டப்பாவில் போட்டு, மேலே நாலு மாதுளை முத்து தூவி, மூடியை அழுத்த வேண்டும். கூட வேலை செய்கிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். அவளோ மூடி சரியாக உட்கார்ந்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரணிதரன் அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அம்மா போனபிறகு அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அவள்தான். படித்து சாஃப்ட்வேர் வேலைக்குப் போய், படூரில் மூன்றாம் மாடியில் தனியாக வாடகைக்கு இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக் கடலில் குளிக்க இறங்கியவனை அலை இழுத்துக்கொண்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உடலை அறுத்துக் கட்டிக் கொடுத்தபோது, காட்டிய இடத்தில் எல்லாம் தனகோடி கையெழுத்துப் போட்டாள். ஊர்ப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு விழுந்து புரண்டார்கள். அவளுக்கு ஒரு பொட்டுக் கண்ணீர் வரவில்லை. "நெஞ்சழுத்தக்காரிடீ" என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

வேலைக்குப் போன மூன்றாம் நாள், சாப்பாட்டு நேரம் ஓய்ந்தபிறகு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் அவளைத் தேடி வந்தாள். சாவு வீட்டில் பார்த்த முகம்தான். பெயர் ஜெபா. பரணிதரனோடு ஒரே டீமில் வேலை பார்த்தவள், ஊர் கோவளம். அவன் இறந்த அன்று மதியச் சாப்பாட்டுக்கு அவனைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தவளும் அவள்தான்.

"அக்கா, பரணி வூட்ல ரெண்டு எலி கீது. தெரியுமா?"

"எலியா? மருந்து வெக்கச் சொல்லு."

"இல்லக்கா. வளக்கற எலி. கூண்டுல. இந்நேரம் வரைக்கும் நான்தான் தீனி போட்டுகினு இருந்தேன். எங்க வூட்டுக்குக் கொண்டும்போவலாம்னா, வாசல்ல கருவாடு காயுது, அதுக்குன்னு நாலு பூன சுத்திகினே கீது." ஜெபா சாவியை மேசைமேல் வைத்தாள். "மாசக் கடைசில வூட்ட காலி பண்ணணுமாம். அதுக்குள்ள நீங்கதான் பாத்து எதனா சொல்லணும்."

அன்று நாலு மணிக்கு வேலை முடிந்ததும் தனகோடி ஷேர் ஆட்டோ பிடித்துப் படூருக்குப் போனாள். ஹால் ஓரத்தில் ஆளுயரத்துக்கு ஒரு கம்பிக் கூண்டு. உள்ளே துணித்தொட்டிலில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன. ஒன்று வெள்ளை, உருண்டு திரண்டு கிடந்தது. மற்றது மெலிசு, தலை மட்டும் கறுப்பு. கூண்டில் பரணிதரன் கையெழுத்தில் பெயர் ஒட்டியிருந்தது: இட்லி, போண்டா. இரண்டும் பெட்டை. நெல் கழனியில் வளைக்கு வளை கிட்டிப்பொறி வைத்து எலி பிடித்துப் போட்ட குடும்பத்தில், அவள் கூடவே வளர்ந்த தம்பி இந்த வேலை செய்திருக்கிறான். சிரிப்பு வரவேண்டிய இடம் அது என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை.

இரவு சாப்பிடும்போது புருஷன் அப்பாசாமியிடம் சொன்னாள். திருப்போரூருக்கு மேற்கே உள்வாங்கிய ஊரில் அவனுக்கு ஒரு ஏக்கர் கழனியும், வாடகைக்கு ஓட்ட ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியும் இருந்தன.

"இன்னாமே பேசற? எலிய வூட்ல வெச்சி சோறு போட்றதா? அறுத்து வெச்ச நெல்லு உள்ள கீது. தொறந்து வுட்ரு, எங்கனா பூட்டும்."

தனகோடி சண்டை போடவில்லை. மறுநாளும் வேலை முடிந்து படூருக்குப் போனாள். அதற்கடுத்த நாளும்.

அந்த வாரமே ஜெபா இட்லியைக் கேளம்பாக்கத்தில் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய் வந்தாள். உடம்பு ரொம்ப ஊதிவிட்டது, இப்படியே விட்டால் மூச்சு வாங்கிச் சாகும் என்றாராம் டாக்டர். தீனியைக் குறைத்து ஓடவிட வேண்டும். ஓடுவதற்கு ஒரு சக்கரம் இருக்கிறது. எலி உள்ளே ஏறி ஓட ஓட அது இருந்த இடத்திலேயே சுற்றும். ஜெபா ஆன்லைனில் போட்டு வரவழைத்துவிட்டாள். தாம்பாளம் அகலத்துக்கு, பச்சைக் கலரில், உள்தரை இடைவெளி இல்லாமல் மூடியிருந்தது. கம்பி வைத்த சக்கரமாக இருந்தால் வாலும் காலும் சிக்கிக்கொள்ளும், சின்னதாக இருந்தால் முதுகு வளைந்துபோகும் என்று ஜெபா விளக்கினாள்.

"ஒடனே ஏறாதுக்கா. புதுசா எது வந்தாலும் இதுங்களுக்கு பயம். மொதல்ல சுத்தாம கட்டி வெக்கணும். இதுங்க படுத்த துணிய உள்ள போடணும். அப்பறம் கொஞ்சூண்டு கடலை தடவணும். தானா ஏறி எறங்கட்டும். பழகனப்பறம் கட்ட அவுக்கலாம். ஏறி நிக்கும்போது மட்டும் கை வெச்சி சுத்தக் கூடாது. அது ஒண்ணுதான் முக்கியம்."

தனகோடிக்கு அது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இன்னதைச் செய், பிறகு இன்னதைச் செய் என்று யாரோ சொன்னது வசதியாக இருந்தது. சக்கரத்தைக் கயிற்றால் கட்டிக் கூண்டுக்குள் வைத்தாள். துணியைப் போட்டாள். வறுத்த வேர்க்கடலையை அம்மியில் நைத்து ஒரு டப்பாவில் கொண்டுவந்து, சக்கரத்தின் விளிம்பில் விரலால் தடவினாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஃபேன் ஓடும். கீழே காலேஜ் பஸ்கள் வரிசையாகத் திரும்பும். போண்டா வந்து மோந்து பார்க்கும், மீசையை ஆட்டும், பின்வாங்கும். இட்லி தொட்டிலை விட்டே இறங்காது. ஆறு மணிக்கு மேல் எழுந்து, தண்ணீர் பாட்டிலை நிரப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவாள். அலமாரியில் தம்பியின் சட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒருநாளும் அவள் அதைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் போண்டா உள்ளே முன்னங்கால் இரண்டையும் வைத்துக் கடலையை நக்கியது. எட்டாம் நாள் இட்லியும் இறங்கி வந்து, முழு உடம்பையும் உள்ளே திணித்துக்கொண்டு துணிமேல் படுத்துவிட்டது. அன்று சக்கரத்தின் கயிற்றை அவிழ்த்தாள்.

மறுநாள் கேண்டீனில் ஒருத்தி தனகோடியை ஓரமாக இழுத்து, "அழுதுடு தனம், உள்ள வெச்சிக்கினா நோவு வந்துரும்" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அன்று மாலை இட்லி சக்கரத்தின் நடுவில் நின்று கடலையை நக்கிக்கொண்டிருந்தது. நகரவில்லை. சக்கரமும் நகரவில்லை. தனகோடி கம்பிக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டாள். ஏன் செய்தாள் என்று பின்னால் அவளால் சொல்ல முடியவில்லை. ஏதாவது நடக்கட்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். விரலால் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளினாள்.

சக்கரம் கீச்சென்று சுற்றியது. இட்லி உருண்டு, மேலே போய், தலைகீழாகக் கீழே விழுந்தது. ஒரு சின்ன சத்தம் போட்டது. எலி கத்தி அவள் எத்தனையோ கேட்டிருக்கிறாள்; கிட்டியில் மாட்டியதெல்லாம் கத்தும். இது அப்படி இல்லை. ஓடிப்போய்த் துணிக்கு அடியில் புகுந்துகொண்டது. அதன் முதுகு இருந்த இடத்தில் துணி படபடவென்று ஏறி இறங்கியது.

இரண்டு நாள் அது வெளியே வரவில்லை. முட்டை வைத்தாலும் தொடவில்லை. தனகோடி ஜெபாவுக்குப் போன் போட்டாள்.

"நான் தள்ளிட்டேன். சொன்னியே, தள்ளக் கூடாதுன்னு. தள்ளிட்டேன்."

அந்தப் பக்கம் ஜெபாவின் குரல் உடைந்து வந்தது. "எல்லாம் என்னாலதாங்கா. நான் சாப்பாட்டுக்குக் கூப்டாம இருந்திருந்தா..."

அவள் எலியைப் பற்றிப் பேசவில்லை என்பது தனகோடிக்குப் புரிந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றும் தெரிந்தது.

"அழுவாத" என்றாள். "மொதல்லேருந்து கட்டி வெக்கறேன்."

மறுபடி கயிறு, துணி, கடலை. மூன்றாம் நாள் இட்லி அவள் உள்ளங்கையிலிருந்து பொரி எடுத்தது. அதன் நகங்கள் குளிர்ச்சியாக, தொட்டும் தொடாமலும் இருந்தன. சக்கரத்தின் பக்கம் மட்டும் இரண்டும் திரும்பவில்லை. போண்டாகூட, சக்கரம் லேசாக அசைந்தால் எகிறிக் குதித்து ஓடியது.

மாதக் கடைசிச் சனிக்கிழமை, வீட்டைக் காலிசெய்ய அப்பாசாமி குட்டியானையை ஓட்டிக்கொண்டு வந்தான். பாத்திரங்களைக் கட்டி இறக்கினான். கட்டிலைக் கழற்றினான். கூண்டுப் பக்கம் வந்தபோது மூக்கைச் சுளித்து நின்றான். எலிகளைக் கண்டுகொள்ளாமல் சக்கரத்தையே பார்த்தான். கம்பிக் கதவைத் திறந்து அதை வெளியே எடுத்து, கயிற்றை அவிழ்த்து, கையில் வைத்துச் சுற்றினான். கீச்.

"இன்னாமே இது, இந்த ஆட்டம் ஆடுது? அச்சு லூஸா கீது. நானா இருந்தாலும் இதுல ஏற மாட்டேன்."

"ஆடுதா?"

"பாரேன். ஒரு சுத்துக்கு ரெண்டு எடத்துல தூக்குது. சத்தம் வேற. அதான் பயப்படுது."

தனகோடி இத்தனை நாளும் எலிகளைப் பார்த்தாளே தவிர, சக்கரத்தைப் பார்க்கவில்லை. அப்பாசாமி தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூவைக் கழற்றினான். தண்ணீர் பாட்டிலின் மூடியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு அச்சில் கோத்தான். சமையலறையில் மிஞ்சியிருந்த தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டான். திரும்ப முறுக்கிச் சுற்றிப் பார்த்தான். சத்தமே இல்லாமல், தட்டாமல் முட்டாமல் சுற்றியது.

"இப்ப வெய்யி" என்று சொல்லிவிட்டு மெத்தையைச் சுருட்டப் போனான்.

மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் ஹாலுக்கு வந்தபோது போண்டா சக்கரத்துக்குள் நின்றிருந்தது. ஒரு அடி வைத்தது. சக்கரம் நகர்ந்தது. நின்றது. இன்னொரு அடி. பிறகு மூன்று, நாலு. காலுக்குக் கீழே தரை தானே வருகிறது என்று புரிந்துகொண்டதுபோல், தலையை முன்னே நீட்டிக்கொண்டு குடுகுடுவென்று ஓட ஆரம்பித்தது.

அப்பாசாமி மெத்தையோடு அப்படியே நின்றான். முதலில் சிரித்தான். "தே பாருடா. கழனில நம்ம கண்ணுல மண்ணத் தூவிட்டு இப்டிதான் ஓடும்." அப்புறம் சிரிப்பு ஒரு மாதிரி கோணியது. "மச்சான் பாக்காமயே பூட்டானே" என்றவன் மெத்தையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, முகத்தைத் துண்டால் மூடி, குலுங்கிக் குலுங்கி அழுதான்.

தனகோடி பக்கத்தில் போய் நின்றாள். அவன் தோள்மேல் கை வைத்தாள். அந்தக் கை யாருடையதோபோல் இருந்தது. சமையலறைக்குப் போய் ஒரு லோட்டா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை நின்று, லோட்டாவை வாங்கிக்கொண்டாள்.

கூண்டை வண்டியில் ஏற்றியது அவன்தான். "மாடி ரூம்ல வெய்யி" என்றான். "நெல்லு மூட்ட கிட்ட வந்துச்சி, அப்பறம் என்னக் கேக்காத."

ஊருக்குப் போன இரண்டாம் வாரம் இட்லியும் ஓடியது. போண்டா மாதிரி ஓட்டம் இல்லை. கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, பத்தடி நடந்து, நின்று மூச்சு வாங்கி, மறுபடி பத்தடி. அதற்கு அதுவே போதும்போல. தனகோடி தீனியைக் குறைத்து, வாரத்துக்கு ஒருநாள் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எலியை நிறுக்கிற பொம்பளை என்று ஊரில் பேச்சாகிவிட்டது. அப்பாசாமி வெளியே யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், விடியற்காலையில் வண்டி எடுக்குமுன் மாடிக்குப் போய் அச்சுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபா எலிகளைப் பார்க்க வந்தாள். தனகோடி சோறும் முருங்கைக்கீரைக் குழம்பும் ஆக்கி வைத்திருந்தாள். இருவரும் மாடி அறையில் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இட்லி நடந்துகொண்டிருந்தது. ஜெபா தட்டைப் பார்த்தபடியே பிசைந்துகொண்டிருந்தாள், வாய்க்கு எடுத்துப் போகவில்லை.

"ஜெபா" என்றாள் தனகோடி. இத்தனை நாளும் யாரிடமும் கேட்காததை அப்போது கேட்டாள். "அன்னிக்கி இன்னா நடந்துச்சி? எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணும் வுடாத."

ஜெபா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். காலையில் அவன் பஸ்ஸில் வந்து இறங்கியதிலிருந்து ஆரம்பித்தாள். ஜெபாவின் அம்மாவுக்கு அவன் அல்வா வாங்கி வந்தது. மீன் குழம்பு கொதிக்கிறது, பத்து நிமிஷம் என்று இவள் சொன்னது. அதற்குள் ஒரு முழுக்கு போட்டுவிட்டு வருகிறேன் என்று அவன் சட்டையைக் கழற்றிப் படகின்மேல் போட்டது. தண்ணீரில் நின்று கையை ஆட்டியது. சும்மா ஆட்டுகிறான் என்று நினைத்து இவளும் கரையிலிருந்து கையை ஆட்டியது.

அந்த இடத்தில் ஜெபா நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தனகோடி அவசரப்படுத்தவில்லை. "ம்" என்றாள். "அப்பறம்?"

ஜெபா மீதியையும் சொன்னாள். சொல்லி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. தனகோடிக்கு அப்போதும் கண்ணீர் வரவில்லை. வயிற்றுக்குள் கனமாக ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. இவ்வளவு நாளாக அந்த இடம் காலியாக இருந்தது என்று அதனால்தான் தெரிந்தது.

"உன் மேல தப்பு ஒண்ணும் இல்ல" என்றாள். "யாரா இருந்தாலும் கைய ஆட்டித்தான் இருப்பாங்க."

பிறகு ஜெபாவின் தட்டில் ஆறிப்போன சோற்றை எடுத்து வைத்துவிட்டு, சூடாக வேறு போட்டுக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தாள். "துன்னு" என்றாள். ஜெபா சாப்பிட்டாள்.