விடியற்காலைப் பத்து நிமிடம்

நாற்பத்தொரு மணி நேரம் தாமதமாக அந்தச் செய்தி என் போனுக்கு வந்தது. தரை சாய்கிறது என்று செவ்வாய் பகல் பன்னிரண்டுக்கே பெட்டி குறித்து வைத்திருக்கிறது. வியாழன் விடியற்காலை ஐந்துக்கு நான் வேலியோரம் நின்று அதை வாங்கினேன். இடையில், புதன் மாலை, பக்கத்து வீட்டு ஷோபா மண்ணுக்குள் போயிருந்தாள்.

கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனவள். மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் பழைய ஷாஃப்ட்டை ஒட்டிய பாதை இடுப்பளவு இறங்கிவிட்டது. புடவையைக் கட்டி நாலு பேர் இழுத்தார்கள். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அதைக் காப்பாற்ற முடியுமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

பெட்டியை அங்கே வைத்தவள் நான். ஒரு சின்ன ஆராய்ச்சிக் குழுவில் எனக்கு வேலை. சுரங்கக் கம்பெனி கட்டிய எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் தரை அசைகிறதா என்று அந்தப் பெட்டி பார்க்கும். சுரங்கக் கழிவு மலைபோல் குவிந்த சயனைட் மேட்டுக்குப் பின்னால் போனுக்கு டவர் எடுக்காது. சோலார் பேனலை முதல் மாதமே யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது ஒரு பேட்டரி. பெட்டி செய்தி அனுப்பும் ரேடியோவை நாள் முழுக்கத் திறந்து வைத்தால் மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். தினம் பத்து நிமிடம் மட்டும் திறந்தால் ஒரு வருடம் வரும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில், வாங்கிக்கொள்ள ஒரு போன் அருகில் வர வேண்டும்.

அண்ணன் இனியன் பெங்களூர் ரயிலுக்காக தினம் விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தப் பாதையில்தான் நடப்பான். பெட்டி திறக்க அந்த நேரத்தையே வைத்தேன். அவன் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தேன். பெட்டியிடம் வாங்கி, மேட்டைத் தாண்டியதும் எனக்கு அனுப்பிவிடும். சம்பளமில்லாத போஸ்ட்மேன் என்று தன்னைச் சொல்லிக்கொள்வான். தாமதம் எப்படியும் ஒரு நாளைத் தாண்டாது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வீட்டுக்குள் வந்தேன். இனியன் வேலைக்குக் கிளம்பாமல் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஷோபாவின் மாமியார் சரோஜம்மா ஆஸ்பத்திரிக்கு வெந்நீர் வாங்க வந்திருந்தார். அம்மா பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி நிலா, உன் பொட்டி இன்னா சொல்லுது? பொழுது விடிஞ்சிடுச்சுன்னா?" என்றார் சரோஜம்மா.

"செவ்வாக்கெழமயே சொல்லியிருக்கு ஆன்ட்டி."

"யாருக்கு சொல்லிச்சு?"

"யாருக்கும் இல்ல. பத்து நிமிஷம்தான் தொறக்கும். அப்படி வெச்சது நான்தான்."

"பேட்டரிய மிச்சம் புடிச்சியா? என் மருமவளுக்குக் காலு போவுதுடி."

"விடுங்க சரோஜம்மா. புள்ள இன்னா வேணும்னா செஞ்சா?" என்றாள் அம்மா.

எனக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் கடிகாரம் சரியாக இருந்ததை இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். புதன் காலையிலும் அது ஐந்துக்குத் திறந்திருக்கும். அப்போதே வாங்கியிருந்தால் தாமதம் பதினேழு மணி நேரம்தான். மாலைக்குள் பாதையை அடைத்திருக்கலாம்.

"அண்ணா, நேத்து காலையில எந்த வழியா போன?"

"ஸ்டேஷனுக்குத்தான்."

"எந்த வழியா?"

"மெயின் ரோட்ல."

"அது சுத்தாச்சே," என்றாள் அம்மா. "டீயக் கூட பாதியில வெச்சிட்டு ஓடுவியே, ட்ரெயின் இன்னா உன் மாமியார் வூட்டுதான்னு நான் கேப்பேன்."

அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். லுங்கி விலகிய இடத்தில், முழங்காலுக்குக் கீழே, நீளமாக ஒரு சிராய்ப்பு. ஓரங்கள் காய ஆரம்பித்திருந்தன.

"இது இன்னாடா இனியா?" என்றாள் அம்மா.

"அடுத்த மாசம் கம்பெனி வீட்ட நம்ம பேருக்கு ரெஜிஸ்டர் பண்றாங்கம்மா," என்றான் அவன். "தரை சரியில்லன்னு வெளிய தெரிஞ்சா மொத்த லைனுக்கும் நிறுத்திடுவாங்க."

அம்மாவின் கையில் பிளாஸ்க் நிரம்பி வழிந்தது. சரோஜம்மா அவனெதிரே போய் நின்றார்.

"உனக்கு எப்படா தெரியும்?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"செவ்வாக்கெழம காலையில என் காலு உள்ள போச்சு ஆன்ட்டி. இழுத்துக்கினு ஏறிட்டேன். மேல மண்ணையும் சருகையும் தள்ளி மூடிட்டுப் போயிட்டேன்."