அரை சுரம் மேலே

1

இந்தக் கதையை என் தங்கையிடமிருந்து பறித்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் ஒரு பிற்பகல், துவைத்த துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டாள். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

“அக்கா! முழு பீஸையும் அரை சுரம் தள்ளி வாசிச்சுட்டேன்! இருபத்தெட்டு நிமிஷம்! தாள்ல ஒண்ணு, கையில ஒண்ணு! இப்பத்தான் மேடையை விட்டு இறங்கினேன்!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலை வைத்துவிட்டுத் துணி உலர்த்த யாரால் முடியும்? ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தபோது, இதை எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் என்று தோன்றியது.

2

முதல் வரிக்காகப் பட்ட பாடு:

“இசைக்கு எல்லை என்பதே” (இதை வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும். அடித்துவிட்டேன்.)

“அரங்கத்தின் மேல் சாம்பல் நிற மேகங்கள்” (அந்த அரங்கத்தை நான் பார்த்ததே இல்லை. மேகம் பற்றித் தங்கை மூச்சுவிடவில்லை.)

“அவளுக்குப் பதினெட்டு வயது. நான்கு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை.”

இது நிற்கட்டும், உண்மை என்பதால். பல நாடுகளிலிருந்து இளம் குழல் கலைஞர்கள் வந்து மோதும் போட்டி அது. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன் என்று அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். இறுதிச் சுற்றில் ஐந்து பேர் எஞ்சினார்கள். என் தங்கை பியானோக்காரி. போட்டியாளர்களுக்குப் பக்கவாத்தியமாக வாசிக்க அவளை அமர்த்தியிருந்தார்கள். நான்கு நாட்களாகச் சாப்பிடாதவள் ஒரு கிளாரினெட் பெண். தங்கை அவளைத் ‘தும்பி’ என்றுதான் சொல்வாள். மேடையில் ஆடாமல் அசையாமல் நிற்பாளாம், பிறகு சட்டென்று பறப்பாளாம். அவளோடு அவள் அம்மாவும் வந்திருந்தார். சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவர். சேர்த்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் மகளுக்காக ஒரே மூச்சில் எடுத்துவிட்டவர்.

3

இறுதிச் சுற்று, பிற்பகல் இரண்டு மணி. தும்பியை அழைக்க இருபது நிமிடம் இருக்கிறது. மேடைக்குப் பின்னால் இருந்த ஒத்திகை அறையில், ஸ்டாண்டில் நிற்க வேண்டிய கிளாரினெட் தரையில் கிடந்தது.

பழுது பார்ப்பவர் ஓடி வந்தார். போட்டியாளர்கள் அவரை ‘டாக்டர்’ என்றே கூப்பிட்டார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குழலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“விரல் வைக்கிற விசை ஒண்ணு வளைஞ்சிருக்கு, அதை நிமித்திடலாம். ஆனா உடம்புல விரிசல் விட்டிருக்கும்மா. ஒரு மணி நேரமாவது வேணும்.”

“எத்தனை தடவை சொல்லியிருக்கேன், ஸ்டாண்டை ஒழுங்கா வைன்னு!” அம்மா வெடித்தார். “எதுலயும் அசால்ட்டு! இவ்வளவு தூரம் வந்து இப்படிப் போட்டு உடைச்சிட்டியே!”

தும்பி காலி ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

(இங்கே ஒரு பாடம். கதை ஓடும்போது பாடம் நடத்துவது எனக்கும் பிடிக்காது. ஆனால் இது தெரியாவிட்டால் தங்கை செய்தது என்னவென்று விளங்காது. கிளாரினெட்காரர்களின் பெட்டியில் இரண்டு குழல்கள் இருக்கும், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒரே மாதிரி விரல் வைத்தாலும் குட்டை அரை சுரம் மேலே பேசும். உடைந்தது நெட்டை. தும்பி வாசிக்க வேண்டியது நெட்டைக்கென்றே எழுதப்பட்டது. அதைக் குட்டையில் வாசித்தால் அவள் மேலே போவாள், பியானோ கீழேயே நிற்கும், கேட்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பாடம் முடிந்தது.)

தங்கை சொன்னாள்: “குட்டையை எடு. உன் விரல் பழகின மாதிரியே வாசி. நான் மேல ஏறி வர்றேன்.”

“முழுசுமா?”

“முழுசும்.”

“இதுக்கு முன்னாடி இப்படி வாசிச்சிருக்கீங்களா?”

“நாலு வரி வாசிச்சிருக்கேன்.”

தும்பி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்தாள்.

தாளில் ‘க’ என்று இருக்கும், நீங்கள் ‘ங’ என்று சொல்ல வேண்டும். ‘ச’ என்று இருந்தால் ‘ஞ’. ஒரு புத்தகம் முழுவதையும் அப்படி, தடுக்காமல், ஓட்டமாக, ஏழு நடுவர்களுக்கு முன்னால் வாசியுங்கள். அதுவும் பத்து விரலாலும். தங்கை செய்தது அதைத்தான்.

முதல் சுரத்திலேயே ஒரு நடுவர் தலையை நிமிர்த்தினார். கையிலிருந்த தாளைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். தங்கைக்குக் கழுத்தில் வியர்வை இறங்கியது. இரண்டாம் பகுதியில் ஓரிடத்தில் கை பழைய இடத்துக்கே போய்விட்டது. ஒரே ஒரு சுரம்தான், உடனே மீண்டுவிட்டாள். மூன்றாம் பகுதி ஓட்டமான பகுதி. ஒத்திகையில் எடுத்த வேகத்தையும் தாண்டித் தும்பி பறந்தாள்.

“பாவி, மெதுவாப் போடீன்னு உள்ளுக்குள்ள கத்தறேன்! அவ திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாக்கா! குழலை வாயில வச்சுக்கிட்டே கண்ணால சிரிக்கிறா!”

கடைசிச் சுரத்தில் இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள். அரங்கம் எழுந்து நின்றது.

4

கதையில் வில்லன் இல்லையே என்று எனக்கு ஒரே குறை. டாக்டரைப் பிடித்தேன். இன்னொரு போட்டியாளருக்காக அவரே குழலைத் தட்டிவிட்டார் என்று இரண்டு பக்கம் எழுதித் தங்கைக்கு அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் கூப்பிட்டாள்.

“அந்த மனுஷன் பாவம்க்கா. மதியச் சாப்பாட்டை அப்படியே விட்டுட்டு ஓடி வந்தவர். அடிச்சிடு அதை.”

“சரி, அப்ப எப்படித்தான் விழுந்துச்சு? ஒரு காரணம் வேணாமா?”

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. 

“நான்தான்க்கா. ஸ்டூலைக் காலால பின்னாடி தள்ளினேன், ஸ்டாண்டுல இடிச்சிடுச்சு. அவங்க ரெண்டு பேரும் தண்ணி பிடிக்கப் போயிருந்தாங்க. திரும்பி வந்து அவங்கம்மா அவளைத் திட்டினப்போ நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன்.”

இந்தக் கதையின் நாயகி அவள்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ‘தங்க விரல்கள்’ என்றுகூட ஓரிடத்தில்* எழுதியிருந்தேன். என்ன செய்வது? ஒரு நாள் முழுக்கக் காகிதத்தைத் தொடவில்லை. மறுநாள் உட்கார்ந்தபோது தோன்றியது: அந்த இருபத்தெட்டு நிமிடமும் உண்மை, அந்த வாய் மூடலும் உண்மை. இரண்டையும் செய்தது ஒரே ஆள். அவளை எனக்கு முன்பைவிட நன்றாகத் தெரிகிறது.

* அந்த இடத்தைத் தேட வேண்டாம். எடுத்துவிட்டேன்.

5

நடுவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு விவாதித்தார்கள். சுருதி மாற்றி வாசிப்பது செல்லுமா, செல்லாதா? விதிப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையாம். நடைபாதையில் மூன்று நாற்காலிகள். இரண்டில் தும்பியும் அம்மாவும், மூன்றாவதில் அவர்களுடைய பை. வாசித்து முடித்ததும் முதல் தடவை என்னைக் கூப்பிட்டாளே, அதை வைத்த கையோடு தங்கை நேராக அங்கே போய் நின்றாள்.

தும்பி அழுது அவளைக் கட்டிக்கொண்டாள் என்று ஒரு முடிவு எழுதினேன். அம்மா கை ஓங்கினார் என்று இன்னொன்று. இரண்டையும் படித்துவிட்டுத் தங்கை சிரித்தாள். நடந்தது இது:

“உங்க குழலைத் தட்டிவிட்டது நான்தான்,” என்றாள் தங்கை. “ரிசல்ட் வந்தப்புறம் சொன்னா அது வேற பேச்சாயிடும். அதான் இப்பவே சொல்றேன்.”

முதலில் அசைந்தது அம்மா. தங்கையை அவர் பார்க்கவே இல்லை. மகள் பக்கம் திரும்பினார். “உன்னைப் போய்த் திட்டிட்டேனே,” என்றார். 

தும்பியின் முகம் இன்னும் மேடையிலிருந்து இறங்கவில்லை. கன்னம் சிவந்திருந்தது, விரல்கள் தொடைமேல் தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன.

“கோவம் வரும்னு நினைக்கிறேன்,” என்றாள். “நாளைக்கு வரும். இப்ப உள்ள இடமே இல்ல.”

தங்கை தலையாட்டிவிட்டு நகர்ந்தாள்.

“எங்க போறீங்க?” தும்பி மூன்றாவது நாற்காலியிலிருந்த பையைத் தூக்கித் தரையில் வைத்தாள். “உக்காருங்க. அந்த மூணாவது பகுதி... எப்படி இருந்துச்சு, சொல்லுங்க!”

கதவு திறந்தது. தலைமை நடுவர் கையில் ஒரு தாளோடு வந்தார்.

அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். முடிவு தெரியாமல் தங்கை சொன்னதை, முடிவைத் தெரிந்துகொண்டு நீங்கள் எடை போடக் கூடாது. அந்தத் தாளில் ஒரு பெயரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தும்பி பெயரையோ, வேறு யார் பெயரையோ. நடுவர் வாய் திறந்தபோது மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.