சோணை இழுத்த மைதானம்

1997 பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே பட்டாளம் கூடாரம் அடித்திருந்த மைதானம் பதினோரு அடி கிழக்கே நகர்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை. வெளியே இருந்த ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வந்த தண்ணீர்க் குழாய் மட்டும் தொட்டிக்கு எட்டாமல் போயிற்று. பிளம்பர் வந்து அளந்து பார்த்து, பதினோரு அடிக்கு ஒரு துண்டு ஒட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

நகர்ந்ததற்குக் காரணம் சிப்பாய் சோணை. எழுமலைக்காரன், கயிறு இழுக்கும் அணியில் கடைசி ஆள். அந்த விளையாட்டில் கைக்குத்தான் வேலை என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் வேலை முழுக்கக் குதிகாலுக்கு. பக்கத்துக்கு எட்டுப் பேர். கயிற்றின் நடுவே ஒரு சிவப்புத் துணி, அதற்கு நேர் கீழே தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு. துணி கோட்டைத் தாண்டி எந்தப் பக்கம் பதின்மூன்று அடி போகிறதோ அந்தப் பக்கம் வெற்றி. ஏழு பேர் கயிற்றைக் கையால் பிடிப்பார்கள். கடைசி ஆளுக்கு மட்டும் கயிறு ஒரு அக்குளுக்குள் நுழைந்து, முதுகில் குறுக்காக ஏறி, எதிர்த் தோள் வழியாக இறங்கும். முடிச்சுப் போடக்கூடாது. அவன் பூட்ஸின் குதியை மண்ணில் பதித்து மல்லாந்து சாய்ந்துகொண்டால், முன்னால் இருக்கும் ஏழு பேரும் அவனை நம்பி மூச்சு வாங்கலாம். இதற்காக ஒரு வேப்பமரத்தில் கப்பி கட்டி, மணல் நிரப்பிய தார் டின்னை நான்கு வருடமாகக் காலையும் மாலையும் தூக்கிப் பழகியிருந்தான் சோணை. அசையாமல் நிற்பது ஒன்றுதான் அவன் கற்ற வித்தை. அதை அளவுக்கு மீறிக் கற்றுவிட்டான். மற்றவர்களை இழுத்தால் குதிகால் தரையை விட்டுவிட்டு வரும். சோணையை இழுத்தால் தரையும் குதிகாலோடு வந்தது.

எதிரணி பஞ்சாபிலிருந்து வந்திருந்த பட்டாளம். அவர்கள் கிழக்கே நின்று இழுத்தார்கள். மைதானமே கிழக்கே போயிற்று. சுண்ணாம்புக் கோடும் மைதானத்தில்தானே இருக்கிறது? அதுவும் கூடவே போயிற்று. சிவப்புத் துணி கோட்டுக்கு நேராக அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. விதிப்புத்தகத்தைக் கையில் வைத்திருந்த நடுவர் மேஜர் வெங்கடசுப்பிரமணியன், யாருக்கும் வெற்றியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சோணைக்கு இது போதாது. பிப்ரவரி கடைசியில் இரண்டு பட்டாளங்களும் ரயிலேறி வடக்கே எல்லைக்குப் போக வேண்டும். அதனால் எல்லாருக்கும் லீவு நிறுத்தப்பட்டிருந்தது. ஜெயிக்கிற அணிக்கு மட்டும் இருபது நாள். எழுமலையில் அவன் மனைவி செல்லக்கிளிக்கு மாதம் நிறைந்திருந்தது. நர்ஸ் சுந்தரம்மாள் இருபத்துமூன்றாம் தேதி என்று குறித்துக் கொடுத்திருந்தார். மூத்த மகள் பிறந்தபோது அவன் பனிமலையில் இருந்தான். போட்டோ வந்து சேரவே மூன்று மாதம் ஆயிற்று. அவன் ஊருக்கு வந்தபோது பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தது. இவனைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இன்னொரு பிள்ளையையும் போட்டோவில் பார்க்க அவனுக்கு மனசில்லை.

பதினாறாம் தேதி இரண்டாவது போட்டி. மைதானம் இன்னும் பதினான்கு அடி கிழக்கே போயிற்று. பிளம்பர் இந்தத் தடவை குழாயைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மறுபடியும் யாருக்கும் வெற்றியில்லை. அடுத்த ஞாயிறு கடைசிப் போட்டி, அதற்குப் பிறகு லீவுப் பேச்சே கிடையாது என்று மேஜர் அறிவித்தார்.

அன்று மத்தியானம் செல்லக்கிளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி, ஒரு பொட்டலம் சீனிச்சேவோடு முகாம் வாசலில் வந்து நின்றாள். மதுரை காஜிமார் தெருக்காரரும் அணிக்குப் பயிற்சி கொடுப்பவருமான ஹவில்தார் பக்கீர் முகமது, அவளுக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டுவிட்டுப் பொட்டலத்தில் பாதியை வாங்கிக்கொண்டார். சோணை ஓடிவந்து அவள் எதிரே நின்றான்.

"இம்புட்டுப் பக்கத்துல வந்து குந்திக்கிட்டு வரமாட்டேங்குறியே மச்சான். காஷ்மீர்ல இருந்தாக்கூட மனசு ஆறும்."

"நானா வரமாட்டேங்குறேன்? லீவு குடுக்க மாட்டேங்குறாக புள்ள."

"செயிச்சாக் குடுப்பாகல்ல?"

"நான் ஒரு தடவகூடத் தோக்கல."

"ஆமா, செயிக்கவும் இல்ல." அவள் சேவைக் கடித்தாள். "அவுக இழுக்காக, தரை அவுக பக்கம் போகுது. நீ சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கிற. நீயும் ஒரு இழுப்பு இழுத்தா என்ன, கை தேஞ்சா போயிரும்?"

பக்கீர் முகமது மெல்லுவதை நிறுத்தினார். "யா அல்லா! இம்புட்டு நாளா இது நமக்குத் தோணலியே மாப்ள. ஒன்னயத் தூக்கிட்டு இந்தப் பிள்ளையத்தான் அணியில போடணும்."

"எனக்கு இந்த மாசம் வேற வேலை இருக்குண்ணே" என்றாள் செல்லக்கிளி.

இருபத்துமூன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு விசில் ஊதினார்கள். வழக்கம்போல சோணை மேற்கே, எழுமலைக்கு முதுகைக் காட்டி நின்றான். எதிரணி 'ஹேஷா' என்றது. இவர்கள் 'ஐலசா' என்றார்கள். சோணை குதியைப் பதித்தான். பிறகு, நான்கு வருடத்தில் முதல் தடவையாக, இழுத்தான்.

மைதானம் மேற்கே கிளம்பியது. ஓடம் போகும்போது தண்ணீர் விலகிப் பின்னால் கூடிக்கொள்வதில்லையா, அதுபோல வயல்களும் பனைமரங்களும் மின்கம்பங்களும் விலகி, மைதானம் கடந்ததும் பழைய இடத்தில் கூடிக்கொண்டன. ஒரு வெங்காயத் தாள்கூட ஒடியவில்லை. வேகம், ஒரு மனிதன் நடக்கிற வேகம். கயிற்றை விட்டவர் தோற்றவர் என்பதால் பதினாறு பேரில் ஒருவரும் விடவில்லை. சமையல்காரர் அவர்கள் வாயில் பூரியை ஊட்டினார். மேஜர் கோட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கால் மணிக்கு ஒருமுறை துணியைப் பார்த்தார். அது கோட்டை விட்டு ஒரு விரற்கடைகூட விலகவில்லை. சோணைக்குப் பின்னால் வருவது தெரியாது. எதிரே நின்ற பக்கீர் முகமதுதான் வழி சொன்னார்.

"மாப்ள, செக்கானூரணி தாண்டியாச்சு. அப்படியே வா. கொஞ்சம் இடது தோளை அழுத்து, கம்மாத் தண்ணி வருது."

உசிலம்பட்டியில் ஒரு பஸ் பத்து நிமிடம் நின்று வழிவிட்டது. நடத்துனர் எட்டிப் பார்த்து, "எழுமலைக்கா? அங்கிட்டுப் பாலம் வேல நடக்குது, வயக்காட்டு வழியாப் போங்கண்ணே" என்றார். அதுபடியே போனார்கள்.

ஐந்தரை மணிக்குச் சோணையின் முதுகில் வைக்கோல் குத்தியது. அவன் வீட்டுப் படப்பு. வழியில் எல்லாம் விலகின, இது மட்டும் விலகவில்லை. உள்ளேயிருந்து செல்லக்கிளியின் முனகலும், "முக்கு தாயி, இன்னும் ஒரு தடவ" என்ற நர்ஸின் குரலும் கேட்டன. சோணையின் தோளில் கயிறு கிடந்தது. அவன் விட்டால் அணி தோற்றுப்போகும். முன்னால் நிற்கும் ஏழு பேரின் லீவும் போய்விடும். அவன் வீட்டைத் திரும்பிப் பார்க்கவும் பயந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

எதிரணியின் கடைசி ஆள் தாடி நரைத்த ஒரு நாயக், ஹவில்தாருக்கு ஒரு படி கீழே. உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நாலு பிள்ளைகள் பிறந்தபோது ஒரு தடவைகூடத் தான் வீட்டில் இருந்ததில்லை, மூன்று எண்ணுகிறேன், எல்லாரும் சேர்ந்து விட்டுவிடுவோம் என்று இந்தியில் சொன்னார். எண்ணினார். முப்பத்திரண்டு கைகளும் ஒரே நொடியில் விட்டன. கயிறு தரையில் விழுந்த சத்தத்தோடு உள்ளே பிள்ளை அழும் சத்தமும் கேட்டது.

"யாருக்கும் வெற்றியில்லை. லீவும் இல்லை" என்று மேஜர் எழுதினார். ஆனால் சோணை அதற்குள் வீட்டுக்குள் ஓடிவிட்டான். லீவு இல்லாமல் வெளியேறிய குற்றத்துக்கு என்ன தண்டனை என்று மேஜர் புத்தகத்தைப் புரட்டினார். பாதியில் நிறுத்தி, பக்கீர் முகமதைக் கூப்பிட்டு முகாமின் எல்லை எங்கே என்று கேட்டார். பக்கீர் முகமது எல்லைக்கல்லைத் தேடிக்கொண்டு போனார். அது சோணை வீட்டுக்கு முன்னால், தெருவில், தண்ணீர்ப் பம்புக்குப் பக்கத்தில் நின்றது. வீடு மொத்தமும் முகாமுக்குள் வந்திருந்தது.

"முகாமை விட்டுப் போகிறவனுக்குத்தான் லீவு வேணும்" என்றார் மேஜர். "அவன் எங்கேயும் போகலையே." புத்தகத்தை மூடினார்.

முன்வரிசையில் நின்ற பேரையூர்ப் பையன் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு பக்கீர் முகமதிடம் வந்தான். "உஸ்தாத், இங்கருந்து எங்க ஊரு மூணு மணி நேரந்தான். நாளைக்கு ஒரு பயிற்சி ஆட்டம் வச்சுக்கிருவமா?"

"பிள்ளைக்குத் தகப்பன்கிட்டக் கேளு" என்றார் பக்கீர் முகமது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆஜர் எடுத்தார்கள். பால்காரர் முகாமின் அண்டாவில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். மேஜர் பெயர்களை வரிசையாகப் படித்தார். சோணையின் பெயர் வந்தபோது, அவன் தன் வீட்டு அடுப்படி வாசலில் பூட்ஸோடு விறைத்து நின்று, கையில் பழந்துணியில் சுற்றிய மகனோடு, "ஆஜர் சாப்" என்றான். மேஜர் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைப் படித்தார்.